படாக் கட்டிலுக்கு எது நியாயமான விலை?

அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் குடியிருக்கும் ஒருவர் படாக் மரத்தில் கட்டில் செய்யச் சொன்னால், முதலில் கேட்பது ‘கன அடி என்ன விலை?’ என்றுதான். தகராறுக்கான வித்தும் அங்கேயே விழுகிறது.

6 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகை அரை கன அடி. இருபுறமும் இழைத்து முடித்தால் கனம் ஏறக்குறைய முக்கால் அங்குலம்தான் மிஞ்சும். வாடிக்கையாளர் முடிந்த கட்டிலை அளந்து கணக்குப் போடுகிறார். தச்சரோ இழைக்காத பலகைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். சீவலாகப் போன கால் பங்கு யார் கணக்கு? வெடிப்பு, முடிச்சு, வெட்டுத் துண்டு எல்லாம் இதற்கு மேல். சேதாரத்தைச் சொல்லாமல் விலையில் ஏற்றுபவர் மீது சந்தேகம் விழுகிறது. ஏற்றாமல் விட்டவருக்குக் கூலியே மிஞ்சுவதில்லை. எனவே மரம், சேதாரம், ஆள்கூலி நாட்கள், கீல்-பூட்டு, பாலிஷ், ஏற்றுக்கூலி, லாபம் எனப் பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். அட்வான்ஸ் தொகையும் கொடுக்கும் தேதியும் அதில் இருக்கட்டும். பேரம் பேசுவதில் தவறில்லை, ஆனால் ஆள்கூலியில் கைவைப்பது அநியாயம்.

விலை மிக மலிவாக இருந்தால் மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. மரத்துக்கான பில் இல்லாவிட்டால் பொருள் பறிமுதலாகலாம். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மாற்றலாகிப் போகும்போது உடன் கொண்டுபோக நினைப்பவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன்பே வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது. பதிவு எண் இல்லாத பில்லில் வரி போட்டிருந்தால் கொடுக்க மறுக்கலாம்.

தச்சருக்கும் சட்டம் துணை நிற்கிறது. சொன்ன அளவில் செய்த பொருளைக் காரணமின்றி வாங்க மறுத்தால், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம். ஹோட்டல்களும் அலுவலகங்களும் பணத்தை இழுத்தடிப்பதுதான் பெரிய கொடுமை. இதற்குத் தீர்வு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. அதற்குக் கட்டணமில்லை. பதிவு செய்த சிறு பட்டறைக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது.

படாக் என்று சொல்லி வேறு மரத்தைத் தலையில் கட்டினாலோ, பில் தர மறுத்தாலோ வாடிக்கையாளர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. இதற்குள் மதுரைக்கோ திருச்சிக்கோ மாற்றலாகியிருந்தால் தீவுக்குத் திரும்பி வரத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.