"எனக்கு வேலை கொடுங்கள்!"

சென்ற மாதம் சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒரு பழைய சிநேகிதியைச் சந்தித்தேன். கடலூர் முதுநகரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடிகாட்டுக்காரி, முதுநகரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் உத்தியோகம். மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன், கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, 8 மாதத்துக்குப் பிறகு மறுபடி வேலைக்குப் போகிறாள். உதிர்ந்த தலைமயிர் சுருள் சுருளாக வளர்ந்து, பார்க்க அழகாகவே இருந்தது. இடது தோளில் தொங்கும் கைப்பை மட்டும் வலது தோளுக்கு மாறியிருந்தது.

"ஆபீஸ் எப்படி இருக்கிறது?" என்றேன்.

"எல்லாரும் ரொம்ப நல்லவங்கதான், அக்கா. ஆனா வேலைதான் குடுக்க மாட்டேங்கிறாங்க! லெட்ஜரை எடுத்தா, 'ஐயோ, நீங்க எதுக்கு?'ன்னு வாங்கிக்கிறாங்க. நான் உள்ளே வந்தா பேச்சு நின்னு போகுது. வீட்டுலே மாமியார், 'இனிமே வேலை எதுக்கும்மா'ங்கிறாங்க. ஆஸ்பத்திரியிலே கூட நான் இப்படி அழுததில்லே."

நோய்க்கு வைத்தியம் செய்தாயிற்று. இந்தப் பரிதாபத்துக்கு என்ன வைத்தியம்?

நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்று ஓர் அம்மாள் இருந்தார். 1952-இல் அவருக்கு ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். குணமானதும் தம்மைப் போன்ற ஸ்திரீகளின் படுக்கையருகே தாமே போய் நிற்க ஆரம்பித்தார். கொண்டுபோன சாமான்களைக் கேளுங்கள்: அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து, கையை உயர்த்திப் பழக ஒரு கயிறு, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு செயற்கை மார்பு. இந்தச் சேவையை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்றுக்கொண்டது. பந்தையும் கயிற்றையும் விட, எதிரே ஒருத்தி நன்றாக உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதுதான் பெரிய தெம்பாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நமக்குத் தெரிந்தவர்களிலும் ஒருவர் உண்டு. நடிகை கௌதமிக்கு 35-ஆவது வயதில் இந்த நோய் கண்டது. கட்டியைத் தாமே கண்டுபிடித்தவர். பிறகு அதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். 2015-இல் 'பாபநாசம்' படத்தில் மறுபடி நடித்தார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் "பாவம்" என்று சொல்லவில்லை. நடிப்பைப் பற்றித்தான் சண்டை!

அதற்காக முதல் நாளே பழைய வேகம் வந்துவிடாது. சிகிச்சை முடிந்தும் பல மாதம் அசதி இருக்கலாம். ஞாபகம் சற்றே நழுவும். கூட்டிய எண் கைக்கு வருவதற்குள் மறந்து போகும். பயப்பட வேண்டாம், பலருக்கும் உள்ளதுதான். கடினமான வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, மற்றதை நோட்டில் குறித்துக்கொள்ளலாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையால் திடீரென்று பாரம் தூக்கக் கூடாது. டாக்டர் சொல்லும் பயிற்சியை விடவும் கூடாது. கை வீங்கினாலோ, வளையல் இறுகினாலோ உடனே காட்ட வேண்டும்.

அவசரப்பட்டுத் திரும்ப வேண்டியதுமில்லை. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, சந்தா நிபந்தனைகள் சரியாக இருந்தால், புற்றுநோய்க்கு 2 வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவிகிதம் கிடைக்க வழி உண்டு. இது தெரியாமல் கடன் வாங்குகிறவர்கள் எத்தனை பேரோ!

மனசு விஷயம் கொஞ்சம் சிக்கல். புதுச்சேரி ஜிப்மருக்குப் பரிசோதனைக்குப் போகும் வாரமெல்லாம் தூக்கமே வருவதில்லை என்றாள். "தைரியமாக இரு" என்று சொல்வது சுலபம். நான் சொல்லவில்லை. தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல், அதற்கும் சிகிச்சை உண்டு என்று மட்டும் சொன்னேன்.

குடிகாடு வந்துவிட்டது. "நாளைக்கு மானேஜர்கிட்டே கேக்கப் போறேன், அக்கா. மத்தியானம் வரைக்கும் லெட்ஜர் என்கிட்டே. அப்புறம் களைச்சுப் போனா வவுச்சர் அடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பத்து நாள் கழித்து டெலிபோன் வந்தது.

"அக்கா, மாசக் கணக்கு என்கிட்டே வந்துடுச்சு. ரெண்டு எடத்திலே தப்பு. மானேஜர் நல்லாத் திட்டிட்டாரு!"

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம்.