இரண்டே நிமிஷத்தில் விமானப் பயணம்!

அடுப்பில் பாலை வைத்தால் பொங்குவதற்கே நாலைந்து நிமிஷமாகும். அதற்குள் விமானம் ஏறி, கடலைத் தாண்டி, அடுத்த ஊரில் இறங்கிவிடலாம் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக் கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். அக்கா தங்கை மாதிரி பக்கத்துப் பக்கத்திலே இருக்கின்றன. இரண்டிலும் ஆளுக்கொரு குட்டி விமான நிலையம். நடுவே தூரம் வெறும் 2.7 கிலோமீட்டர்தான்! கால அட்டவணையில் போட்டிருக்கிற நேரம் இரண்டு நிமிஷம். காற்று சாதகமாக இருந்தால் ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. ஸ்டுவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். உலகத்திலேயே மிகக் குறுகிய விமான சர்வீஸ் இதுதான். 1967 முதல் லோகன்ஏர் கம்பெனி இதை நடத்தி வருகிறது.

பெரிய விமானமாக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டுப் பேர்தான் உட்காரலாம். விமானிக்குப் பக்கத்து ஸீட்டில்கூட பிரயாணியை உட்கார வைப்பதுண்டு!

"இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்துக்கு விமானமா? என்ன ஆடம்பரம்!" என்று தோன்றும். ஆடம்பரமே இல்லை. கிர்க்வால்தான் ஆர்க்னியின் தலைநகர். அங்கிருந்து கிளம்பும் விமானம், நம் டவுன் பஸ் மாதிரி தீவு தீவாக நின்று போகும். அப்படி நிற்கிற இரண்டு ஸ்டாப்களுக்கு நடுவே உள்ளதுதான் இந்த இரண்டு நிமிஷம். படகும் இருக்கிறது, கடல் சாதுவாக இருந்தால் சுமார் 25 நிமிஷம். ஆனால் வட கடலின் குளிர்காலப் புயலில் படகை நம்ப முடியுமா? கனத்த மூடுபனி கவிந்தால் விமானமும் நின்றுபோகும் என்பது வேறு விஷயம்.

பாப்பா வெஸ்ட்ரேயில் 2011 கணக்கெடுப்பின்படி 90 பேர்தான். பெரிய ஆஸ்பத்திரி இருப்பது கிர்க்வாலில். ஆபத்து அவசரமென்றால் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்துவிடும். ஆனால் ஒரு தாய்க்கு ஆபத்து அவசரம் மட்டுமா கவலை? பல் டாக்டர், கண் பரிசோதனை, பிள்ளை படிப்பு, எத்தனை இருக்கிறது! டாக்டர், வாத்தியார், போலீஸ்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் இந்தக் குட்டி விமானம்தான் கைகொடுக்கிறது. பாங்க் வேலைக்காகத் தீவு தீவாகப் பறந்த ஒரு பெண்மணி 10,000 தடவை விமானம் ஏறியிருக்கிறாராம்!

இதே பாப்பா வெஸ்ட்ரேயில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல் வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே அடுப்பு மூட்டிய இடமும், தானியம் அரைத்த கல்லும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அத்தனை காலமாக யாரோ ஒரு பெண் அந்தத் தீவில் அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து வந்திருக்கிறாள். போக்குவரத்து இல்லாவிட்டால் இளம் குடும்பங்கள் மூட்டை கட்டிவிடும், பள்ளிக்கூடம் மூடும், அப்புறம் தீவே காலியாகிவிடும். அதனால்தான் இந்த சர்வீஸுக்கு அரசாங்கப் பணம் உதவியாகத் தரப்படுகிறது. லாபக் கணக்கு மட்டும் பார்த்தால் என்றைக்கோ நின்றிருக்கும்.

தூரத்தை மைல் கணக்கில் மட்டும் அளந்தால் போதாது. நடுவே குறுக்கிடுவது என்ன என்பதையும் பார்க்கணும். டாக்டரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர வழி இருந்தால்தான் ஒரு பெண் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த முடியும். அது எந்த ஊராக இருந்தால் என்ன?