நகரப் பசுமையும் அண்டைவீட்டார் உறவும்: இரு அமெரிக்க ஆய்வுகள் உணர்த்துவன

முன்னுரை

மரங்கள் நிறைந்த நகரக் குடியிருப்புகளில் வாழ்வோர் அண்டைவீட்டாரை அறிந்தும் பொதுச்செயல்களில் கலந்தும் நலமுடன் வாழ்கின்றனர் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. எனினும், வசதியும் ஒற்றுமையும் உடையோரே பசுமையான பகுதிகளைத் தேர்ந்து குடியேறியிருக்கலாம். அவர்களே மரங்களை நட்டுப் பேணியும் இருக்கலாம். எனவே, பசுமை உறவை வளர்க்கிறதா, உறவு பசுமையை வளர்க்கிறதா என்னும் வினா எழுகிறது. இதற்கு விடைகாண உதவும் இரு ஆய்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

சிகாகோ: நிழலும் உறவும்

சிகாகோ நகரில் 1962ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு, 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களால் ஆனது. தொடக்கத்தில் இக்கட்டடங்களைச் சுற்றி மரங்களும் புல்வெளிகளும் இருந்தன. புழுதியையும் பராமரிப்புச் செலவையும் குறைக்கும் பொருட்டுப் பல இடங்களில் பின்னர்த் தளம் போடப்பட்டது. இதனால் ஒரே அமைப்புடைய கட்டடங்களுள் சில மரநிழலிலும் சில வெற்றுத்தளத்திலும் நின்றன. வீடுகளை அரசின் வீட்டுவசதி அமைப்பே ஒதுக்கியது. எக்கட்டடத்தில் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிதும் இல்லை. ஆகவே, முன்னுரையில் சுட்டிய ஐயத்தைப் பெருமளவு விலக்கும் ஒப்பீட்டுக் களமாக இக்குடியிருப்பு அமைந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரான்செஸ் குவோ, வில்லியம் சல்லிவன் முதலானோர் இங்கு வாழ்ந்த 145 பேரை நேர்கண்டு 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். பசுமையான கட்டடங்களில் வாழ்ந்தோர் பொதுவெளியை மிகுதியாகப் பயன்படுத்தினர். அண்டைவீட்டாருடன் வலுவான உறவு கொண்டிருந்தனர். பசுமைக்கும் உறவுக்கும் இடையிலான இணைப்பாகப் பொதுவெளிப் பயன்பாடே விளங்கியது என்பது இவ்வாய்வின் முதன்மையான கண்டறிதல். மரம் நேரடியாக உறவை உண்டாக்குவதில்லை. மக்களை வீட்டுக்கு வெளியே வந்து தங்கச் செய்கிறது. அடிக்கடி காண்பதால் அறிமுகமும், அறிமுகத்தால் உதவியும் வளர்கின்றன. இவ்வுறவு பாதுகாப்புணர்வுடனும் தொடர்புற்றிருந்தது.

பிலடெல்பியா: பசுமையும் மனநலமும்

சிகாகோ ஆய்வு உறவை முதன்மைப்படுத்தியது. பசுமையால் மனநலம் மேம்படுமா என்பதைப் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த, 2018இல் வெளியான சோதனை ஆராய்ந்தது. அந்நகரின் 541 வெற்று மனைகள் குலுக்கல்முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் குப்பை அகற்றப்பட்டுப் புல்லும் சில மரங்களும் நடப்பட்டன. தாழ்வான மரவேலி அமைக்கப்பட்டது. மற்றொரு பிரிவில் குப்பை மட்டும் அகற்றப்பட்டது. மூன்றாம் பிரிவு மாற்றமின்றி விடப்பட்டது.

அருகில் வாழ்ந்த 342 பேரிடம் சோதனைக்கு முன்னும் பின்னும் தகவல் திரட்டப்பட்டது. மாற்றமில்லா மனைகளுடன் ஒப்பிடுகையில், பசுமையாக்கப்பட்ட மனைகளுக்கு அருகில் வாழ்ந்தோரிடம் மனச்சோர்வு உணர்வு 41.5 விழுக்காடு குறைந்தது; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் இக்குறைவு 68.7 விழுக்காடாக இருந்தது. குப்பை மட்டும் அகற்றப்பட்ட இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனவே, தூய்மையினும் பசுமையே இங்குப் பயன் விளைத்தது எனலாம்.

முடிவுரை

இரு ஆய்வுகளும் மக்கள் தம் உணர்வு குறித்துத் தாமே கூறியவற்றைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது. ஆயினும், சமூக உறவுக்கு உதவும் பசுமை தொலைவிலுள்ள பெரும்பூங்கா மட்டுமன்று, வாசலை ஒட்டிப் பேணப்படும் சிறுநிழலும் ஆகும் என்பது இவற்றால் பெறப்படுகிறது. அந்நிழலுக்கும் எல்லை உண்டு. ராபர்ட் டெய்லர் குடியிருப்பின் கடைசிக் கட்டடம் 2007இல் இடிக்கப்பட்டது. மரத்தடியில் பழகிய குடும்பங்கள் பிரிந்தன. உறவை வளர்க்க மரம் துணைசெய்யும். அவ்வுறவு நிலைபெறுவதோ மக்கள் அவ்விடத்திலேயே தொடர்ந்து வாழும் உரிமையைப் பொறுத்தது.