பழைய செயின் சாவில் பலகை அறுக்குமுன்

லாரி போக முடியாத தோப்பில் சாய்ந்த மரத்தை அங்கேயே பலகையாக்க, மரவாடி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர் பழைய செயின் சாவைத் தேடி எடுக்கின்றனர். எடுத்தபடியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குறுக்கு வெட்டு சிறிது நேர வேலை. நெடுக்கு அறுப்பிலோ எஞ்சின் பல நிமிடம் ஓயாமல் பாரம் இழுக்கிறது. 70 சிசிக்குக் குறைந்த மெஷினை இதில் வாட்டாதிருப்பதே நல்லது.

பெட்ரோல் குழாயில் விரிசல் இருந்தால் காற்று புகுந்து கலவை மெலியும். அதோடு எஞ்சினுக்குப் போகும் ஆயிலும் குறையும். எனவே குழாயையும் கார்புரேட்டர் டயாப்ரத்தையும் முதலில் மாற்றிவிடுவோம். பின் 'எச்' திருகைச் சற்றே வெளிப்பக்கம் திருப்புவோம். பாரமில்லாத முழு வேகத்தில் சத்தம் கரகரக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். சிலிண்டர் தகடுகளில் அடைந்த தூளைச் சுரண்டி எடுக்கவும்.

செயின் பல்லுக்கு வழக்கமான 30 டிகிரிக்குப் பதில் 10 டிகிரியில் அரம் போட்டால் பலகை வழவழப்பாக வரும். செயின் ஆயில் பம்பு முழு அளவில் இருக்கட்டும்.

ஒன்று கணக்கில் வையுங்கள்: ஒவ்வோர் அறுப்புக்கும் சுமார் 8 மி.மீ. மரம் தூளாகிறது, பேண்ட் சாவில் 2, 3 மி.மீ.தான். லாரி போகுமானால் தடியை மில்லுக்கே அனுப்பலாம்.