கெத்தும் இலையும் மெத்தடோன் மருந்தும்

மலேசியாவின் வடபகுதியில், கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களின் கிராமப்புறங்களில், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் வளர்கிறது. மலாய்க்காரர் அதைக் கெத்தும் என்கிறார்கள். உலகச் சந்தையில் அதன் பெயர் க்ராட்டம். நம் நாட்டு நீர்க்கடம்பு இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இரண்டின் இரசாயனமும் வேறு. வயலிலும் கடலிலும் பாடுபட்ட மக்கள் களைப்புத் தெரியாதிருக்கத் தலைமுறை தலைமுறையாக மென்று வந்த அந்த இலை, ஹெராயின் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெறுகிறவர்களின் கைக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மக்களும் அறிந்துகொள்வது அவசியம் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அங்கே இலையைத் தேடிப் போகிறவனை வாட்டும் சங்கடம் இங்கேயும் இருக்கிறது.

இலையைப் பெரிய பாத்திரத்தில் பல மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி ஆறவிட்டு, சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்கிறார்கள். கடுங்கசப்பான கஷாயம் அது. அதிலுள்ள மிட்ராகைனின் என்ற சத்து சிறிய அளவில் சுறுசுறுப்பைத் தரும். அளவு கூடினால் அபினி செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்து, வலியை மழுங்கடித்து மயக்கத்தையும் தரும். மலேசிய அரசாங்கம் இதை 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தியிருக்கிறது. பக்கத்துத் தாய்லாந்தோ 1943 முதல் தடைசெய்து வைத்திருந்து, 2021-இல் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் போதைப்பொருள் ஆராய்ச்சி செய்துவரும் விக்னசிங்கம் பாலசிங்கமும் அவருடைய சகாக்களும், கெத்தும் குடிக்கும் 136 பேரைக் கண்டு விசாரித்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிப்பவர்களின் சராசரி வயது 38-க்கு மேல். நாளொன்றுக்குச் சராசரி மூன்று குவளை குடித்தார்கள். நான்கில் மூன்று பங்கினர் முன்பே வேறு போதைப்பொருள் உபயோகித்தவர்கள். ஏன் குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தாம் முக்கியமானவை. விலை அதிகமான ஹெராயினைக் குறைத்துக்கொள்ள, அதை விடும்போது உண்டாகும் உபாதையைத் தாங்க, ஹெராயினைவிட இது மலிவாகக் கிடைப்பதால் என்று அவர்கள் சொன்னார்கள். அதாவது, அந்த இலையை அவர்கள் ஒருவகை வைத்தியமாகவே கருதினார்கள்.

ஹெராயினை விடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் தரும் மெத்தடோன், அபினி வகையைச் சேர்ந்த மருந்தேயாயினும், அதன் வேலை நிதானமாகவும் நெடுநேரமாகவும் நடைபெறுவதால், தினம் ஒரு வேளை குடித்தால் உபாதையும் ஏக்கமும் அடங்கி, மனிதன் வேலைக்குப் போகவும் குடும்பத்தைப் பார்க்கவும் முடிகிறது. 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் நிலைநாட்டிய இந்தச் சிகிச்சையை மலேசியா 2005-இல் மேற்கொண்டது. ஆனால் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் மூச்சு அடங்கிவிடும். அந்த இடைக்காலத்தில், விடியற்காலையில் மூக்கில் நீர் வடிய, கொட்டாவி ஓயாது வர, கைகால் குடைய, வயிறு கலங்க எழுந்திருக்கிறவன், மருத்துவரிடம் போய் "போதவில்லை ஐயா" என்று சொல்வதற்குப் பதிலாக, பக்கத்துக் கடையில் ஒரு பை கஷாயம் வாங்கிக் குடித்துவிடுகிறான். சொன்னால் திருந்தாதவன் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயமும், வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இந்த இலை அகப்படாது என்ற செய்தியும் அவனை மௌனியாக்குகின்றன.

அந்த மௌனத்தில்தான் அபாயம் இருக்கிறது. உடம்பிலிருந்து மெத்தடோனைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளில் சிலவற்றின் வேலையை மிட்ராகைனின் தடுக்கக்கூடும் என்பதால், நேற்றுவரை சரியாக இருந்த மருந்தளவு இன்று மிகையாகிவிடலாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். இருதயத் துடிப்பின் லயம் கெடலாம். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவருக்கோ அவன் குடித்த கஷாயம் தெரியாது.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தைச் சுற்றிலும் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இரவு பகலாக ஓடுகின்றன. செக்கச் செவேலென்று வெளிவரும் இரும்பை நீண்ட இடுக்கியால் பற்றி அடுத்த உருளைக்குள் செலுத்துகிறவனுக்கு, ஷிப்டு முடிந்த பிறகு தோளும் இடுப்பும் எப்படி இருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இத்தொழிலாளர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, குடும்பத்தைப் பிரிந்து, ஒரே அறையில் பலராகத் தங்கியிருப்பவர்கள். இங்கே கெத்தும் மரம் இல்லை. வலி நிவாரண மாத்திரை இருக்கிறது. அவற்றில் அபினி வகையைச் சேர்ந்த டிரமடாலை மத்திய அரசாங்கம் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதே வகையான டேபென்டடால் மாத்திரைகளைக் காவல்துறையினர் பறிமுதல் செய்த செய்திகளைச் சென்னை, திருவள்ளூர்ப் பத்திரிகைகளில் இப்போது அடிக்கடி காண்கிறோம். வலிக்கென்று தொடங்குகிறவர்களும் உண்டு, போதைக்கென்றே தொடங்குகிற இளைஞர்களும் உண்டு. மாத்திரையை நீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிற கொடுமையும் நடக்கிறது. மாத்திரையிலுள்ள கரையாத மாவுப்பொருள் இரத்தக் குழாயை அடைக்கிறது, ஒரே ஊசியைப் பலர் உபயோகித்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் தொற்றுகின்றன. கெத்துமைப் போலவே டேபென்டடாலும் சாதாரண அபினிப் பரிசோதனையில் தெரிவதில்லை.

2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அபினி வகைப் பொருள்களை உபயோகிப்போர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படுவோர் சுமார் 77 இலட்சம். நம் நாட்டில் மெத்தடோன் சில இடங்களில் மாத்திரமே கிடைக்கிறது. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் தருவது பியூப்ரினார்பின் என்ற மருந்து. மாத்திரையை நொறுக்கி நாக்குக்கு அடியில் வைத்து, அது கரையும்வரை சில நிமிஷங்கள் செவிலியரின் கண்பார்வையில் உட்காரவைக்கிறார்கள். தினந்தோறும் வர வேண்டிய இந்தச் சிகிச்சைக்கு, பகல் ஷிப்டில் நிற்கும் தொழிலாளி எந்த நேரத்தில் வருவான்? ஒரு நாள் கூலியை இழந்து நெடுந்தூரம் போய்வர வேண்டுமென்றால், ஒரு வாரம் போவான். மறுவாரம் தெருவில் கிடைக்கும் மாத்திரைக்குத் திரும்பிவிடுவான். ஷிப்டு மாறும் வேளையில் திறந்திருக்கும் மருந்து நிலையம் ஒன்று சிப்காட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது, அவனுக்கு நூறு உபதேசங்களைவிடப் பிரயோஜனமானது.

சிகிச்சையின் நடுவே வேறொன்றை உட்கொண்டவனை வெளியேற்றுவது தவறு என்பதே என் அபிப்பிராயம். அவன் மருந்தளவு போதவில்லை என்பதற்கு அது முதல் அடையாளமாக இருக்கலாம். "வேறு என்ன சாப்பிடுகிறாய் தம்பி?" என்று மருத்துவர் கோபமின்றிக் கேட்டால், அவன் சொல்வான், சொன்னால் அளவைத் திருத்தலாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மருந்தைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இலையோ மாத்திரையோ எதுவாயினும் அதன் உறையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வழக்குக்குப் பயந்து ஒளிய வேண்டாம்: சொந்த உபயோகத்திற்காகச் சிறிய அளவில் வைத்திருந்து பிடிபட்டவர், தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முழுமையாக ஏற்றால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14446. அதற்குக் கட்டணம் இல்லை.