பல்கலைக்கழக நூலகத்துக்குள் யாரெல்லாம் போகலாம்?

ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றி எழுத விரும்பும் பள்ளி ஆசிரியருக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் வேண்டும். அவர் ஊர்க் கிளை நூலகத்தில் அவை இருக்காது. மாவட்ட மைய நூலகத்திலும் முழுவரிசை கிடைப்பது அரிது. பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் போகமாட்டார். ‘நான் அங்கே படிக்கவில்லையே, வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்களே’ என்ற தயக்கம் அவரைத் தடுத்துவிடும். ஓய்வுபெற்ற பேராசிரியர், சொந்தச் செலவில் ஆய்வு செய்பவர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் என்று இந்தத் தயக்கத்தோடு வெளியே நிற்பவர்கள் ஏராளம்.

இவர்களில் பலரை, முறையாகக் கேட்டால், உள்ளே விடுவார்கள். ‘நூலகத்தைப் பயன்படுத்துவது’ என்று நாம் ஒரே பேச்சில் சொல்வது உண்மையில் ஐந்தாறு தனித்தனி உரிமைகள். உள்ளே நுழைவது, அடுக்கிலிருந்து எடுத்து அங்கேயே படிப்பது, நகல் எடுப்பது, வீட்டுக்குக் கடன் வாங்குவது, மின்னிதழ்களைத் திறப்பது, படிப்பு அறையில் ஓர் இருக்கையைப் பிடிப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஒன்று கிடைக்காது என்பதால் மற்றவையும் கிடைக்காது என்று நினைத்துத் திரும்பிவிட வேண்டியதில்லை.

எல்லா உரிமைகளும் உள்ளவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் துறைகளில் சேர்ந்து படிக்கும் மாணவர்கள், முழுநேர ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள். எத்தனை புத்தகம், எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்; ஆசிரியருக்கு அதிகம், முதுகலை மாணவருக்குக் குறைவு. தவணை தாண்டினால் அபராதம். படிப்பு முடியும்போது நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று ‘நோ டியூஸ்’ வாங்கினால்தான் சான்றிதழ்கள் கைக்கு வரும். கடன் கொடுப்பதில் நூலகங்கள் காட்டும் கண்டிப்புக்கும் காரணம் இதுதான். மாணவரிடமிருந்து புத்தகத்தைத் திரும்பப் பெற ஒரு பிடி இருக்கிறது, வெளியாளிடம் அது இல்லை. அதனால்தான் வெளியாருக்குக் கடன் கொடுக்கும் இடங்களில் காப்புத்தொகை கேட்கிறார்கள். அது நியாயம்தான்.

இணைப்புக் கல்லூரி மாணவரின் நிலை

எனக்கு நியாயமாகப் படாத ஒன்று இணைப்புக் கல்லூரி மாணவர்களின் நிலை. தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டம் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பதில்லை. இணைப்புக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிறார்கள், பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, பட்டச் சான்றிதழில் இருப்பதும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். ஆனால் நூலகத்தின் வாசலில் அவர்கள் பல இடங்களில் வெளியாரைப் போலவே நடத்தப்படுகிறார்கள். முதல்வரின் கடிதம் கேட்கிறார்கள், நாள் குறித்துக்கொடுக்கிறார்கள், கடன் கிடையாது என்கிறார்கள். உங்கள் கல்லூரியில்தான் நூலகம் இருக்கிறதே என்பது வழக்கமான பதில். சிற்றூர்க் கல்லூரி நூலகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் எவ்வளவு பொருத்தமற்றது என்று தெரியும். பாடநூல்களையும் வினாத்தாள் தொகுப்புகளையும் தாண்டி அங்கே ஒன்றும் இருக்காது.

முதுகலை இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும் மாணவியாவது முதல்வரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். கல்லூரித் தாளில், எந்தத் தலைப்பில் படிக்கிறார், எந்த நாட்களில் வருவார் என்று எழுதி முத்திரையிட்ட கடிதம் போதும். உள்ளே அமர்ந்து படிக்கவாவது பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஒரு கடிதம் என்று அலைய வைப்பதைவிட, இணைப்புக் கல்லூரி அடையாள அட்டையையே நுழைவுச் சீட்டாக ஏற்பதுதான் முறை.

பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். பாடம் நடத்தும் ஒருவரைத் தற்காலிகப் பணியாளர் என்று சொல்லி முழு உறுப்பினராக ஏற்காத நூலகம், அவரிடம் படிக்கும் மாணவர்களையும் சேர்த்தே தண்டிக்கிறது.

வெளியாள் செய்ய வேண்டியது

பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் முதலில் வீட்டிலிருந்தபடியே அந்த நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். ‘ஓபாக்’ என்று நூலகர்கள் சொல்லும் இந்தப் பட்டியலுக்குப் பல இடங்களில் கடவுச்சொல் கிடையாது. வேண்டிய நூல் அங்கே இருக்கிறதா, எந்தப் பிரிவில், எந்த அழைப்பு எண்ணில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூலகருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். ‘உங்கள் நூலகத்தைப் பார்வையிட விரும்புகிறேன்’ என்று பொதுவாக எழுதினால் பதில் வராமல் போகலாம். இன்ன இன்ன நூல்கள், இன்ன வேலைக்காக, இந்த வாரத்தில் இரண்டு நாள் என்று எழுதினால் மறுப்பது கடினம். போகும்போது அரசு அடையாள அட்டையும் அந்தக் கடிதத்தின் நகலும் கையில் இருக்கட்டும். நாள் கட்டணம் இருக்கலாம். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள். பருவத் தேர்வுக் காலத்தில் அனுமதி குறையும். பழைய மாணவர்கள் என்றால் முன்னாள் மாணவர் உறுப்பினர் திட்டம் உண்டா என்று கேளுங்கள். உள்ள இடங்களில் அது எளிய வழி.

நகல் எடுப்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் நகல் எடுப்பதை மீறல் அல்ல என்கிறது. அந்தப் பாதுகாப்பு மாணவருக்கு மட்டும் உரியதல்ல, உங்களுக்கும் உண்டு. ஓர் இயலை எடுப்பது வேறு, விற்பனையில் இருக்கும் முழு நூலையும் எடுப்பது வேறு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பார்வைக் குறைபாடு உடையவர்களுக்குச் சட்டம் இன்னும் வலுவாகத் துணை நிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட அதே பிரிவு, அச்சு நூலை அவர்கள் பயன்படுத்தக்கூடிய ஒலி, பிரெய்ல், மின்வடிவங்களுக்கு மாற்ற இடம் தருகிறது. இதையொட்டிய மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் பிறகு, சாய்தளமும் திரைவாசிப்பு மென்பொருளும் ஒரு பல்கலைக்கழக நூலகம் மனமுவந்து செய்யும் உதவி அல்ல, கடமை.

திரைக்குள் இருக்கும் நூலகம்

இன்றைய பல்கலைக்கழக நூலகத்தின் பாதி அடுக்குகளில் இல்லை. ஆய்விதழ்களின் மின்பதிப்புகளை நூலகம் விலைக்கு வாங்குவதில்லை. உரிம ஒப்பந்தத்தின் பேரில் அணுகும் வசதியைப் பெறுகிறது. யார் திறக்கலாம் என்பதை அந்த ஒப்பந்தம் சொல்கிறது. வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தால் கதவு திறக்கும். வீட்டிலிருந்து திறக்க உறுப்பினருக்கான பயனர் பெயர் வேண்டும். வெளியாருக்கு அந்தப் பயனர் பெயர் கிடைக்காது, கிடைக்கும்படி நூலகர் செய்யவும் முடியாது. ஆனால் பல பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிப்பவர்களையும் அனுமதிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் அனுமதித்தும் நூலகம் அதற்கென ஒரு கணினியை ஒதுக்காததால் வீணாகும் வசதி இது. நீங்கள் போகும் நூலகத்தில் இப்படி ஒரு கணினி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களிலும் உள்ள ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் இவற்றைப் படிக்கலாம். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது மிகப் பெரிய வரவு. அங்கே படிப்பவர்கள் தங்கள் கல்லூரியில் இது செயல்படுகிறதா என்று உடனே விசாரிக்க வேண்டும். ஆனால் பெயரில் ‘நாடு’ இருந்தாலும், நிறுவனம் எதிலும் இல்லாத குடிமகனுக்கு இதில் இடமில்லை. 6,000 கோடி பொதுப்பணத்தில் சந்தா கட்டும் ஆய்விதழ்களைக் குறைந்தபட்சம் பொது நூலகங்களில் அமர்ந்தாவது மக்கள் படிக்க வழி செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனம் இல்லாதவர்க்கும் முழுதாகத் திறந்திருப்பது ‘சோத்கங்கா’ என்ற இணையத் தொகுப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பல லட்சம் இங்கே இருக்கின்றன. ஆய்வேட்டின் மின்வடிவத்தை ஒப்படைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதியாக்கியதால் வளர்ந்த தொகுப்பு இது. தமிழ் ஆய்வேடுகளும் நிறைய. ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காகவே மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த காலம் போய்விட்டது.

இருக்கை யாருக்கு?

நூலகர்கள் வெளியாரைக் கண்டு அஞ்சுவதற்கு உண்மையான காரணம் புத்தகம் அல்ல, நாற்காலி. வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இல்லாத இளைஞர்கள் சொந்தப் புத்தகங்களோடு காலை முதல் இரவு வரை அமர ஓர் இடம் தேடுகிறார்கள். அவர்களின் தேவை உண்மையானது. ஆனால் தேர்வு நெருங்கும்போது மாணவருக்கே இருக்கை போதாத அறையில் இருவரையும் மோதவிடுவது சரியல்ல. சொந்தப் புத்தகம் படிப்பவர்களுக்கு என்றே இடம் ஒதுக்கிய பொது நூலகங்கள் இருக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எல்லோருக்குமானவை. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி போவது பொது நூலகங்களுக்குத்தான், பல்கலைக்கழகத்துக்கு அல்ல. இத்தகைய நூலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு அதனால்தான் இருக்கிறது. மாறாக, வேறெங்கும் கிடைக்காத நூலைத் தேடி வருபவரைத் தேர்வுக் காலம் என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. அவருக்கு வேண்டியது ஒரு மூலையும் சில மணி நேரமும்தான்.

வெளிநாட்டு வழக்கங்களும் பலவிதம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். ஹாம்பர்க் நகரில் மாநில நூலகமும் பல்கலைக்கழக நூலகமும் ஒன்றே. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் தேவையைச் சொல்லும் வெளியாரை ஏற்றுக்கொள்கிறது. நூலகத்துக்குள் தீ மூட்டமாட்டேன் என்ற பழைய உறுதிமொழியையும் வாங்கிக்கொள்கிறது.

நாம் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பூட்டிய அடுக்குகளைத் திறந்து வாசகர் தாமே நூலை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931இல் வந்த அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ உலகெங்கும் நூலகர்களின் பாடமானது. நூல்கள் பயன்படுத்தப்படுவதற்காகவே இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பவை அதன் முதலிரண்டு விதிகளின் சாரம். 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் அவர் உழைப்பே. அவர் அமர்ந்து வேலை பார்த்த மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள், வெளியாருக்கான விதியை வாசலில் தமிழில் எழுதி வைக்காமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதில் கைகொடுக்கும். பொதுப்பயன்பாட்டுக்கு நூலகமோ படிப்பறையோ வைத்திருந்தால் அதன் வேலை நேரம் உட்பட, தகவல் பெறக் குடிமக்களுக்கு உள்ள வசதிகளைப் பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் பொது அதிகார அமைப்புகளே. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தின் விதி எங்கும் காணப்படவில்லை என்றால், வெளியார், பழைய மாணவர், இணைப்புக் கல்லூரி மாணவர் ஆகியோருக்கு என்னென்ன அனுமதி, என்ன கட்டணம் என்று அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.