கம்பி போகும் பாதை – 14: குத்தாலத்தின் கொடியடுப்பு

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு விக்கிரவாண்டியில் ரோடு பிரியும். நேரே போனால் விழுப்புரம், திருச்சி. இடது பக்கம் ஒடித்தால் பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர், சுமார் 165 கிலோமீட்டர். நாலுவழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் இந்தத் தடத்தைத் திட்டாத டிரைவர் இருக்க முடியாது. ஆனாலும் மின்சாரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தடம் கிடையாது. முதலில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. அதைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்தால் காவிரிப் படுகையின் எரிவாயு. நெய்வேலியை முன்பே பார்த்துவிட்டோம். இந்த வாரம் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை ரோட்டில் திரும்பிக் குத்தாலம் போகலாம். அருவி விழும் குற்றாலம் அல்ல, இது வயற்காட்டுக் குத்தாலம்.

இங்கே மின்வாரியம் 101 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் கட்டியது. அது இரண்டு தவணையாக உயிர்பெற்றது. 2003 கடைசியில் கேஸ் டர்பைன், சில மாதம் கழித்து 2004 மார்ச்சில் நீராவி டர்பைன். முன்னதில் 64 மெகாவாட், பின்னதில் 37. இந்த 37 மெகாவாட்டுக்காக ஒரு கனமீட்டர் வாயுகூடக் கூடுதலாக எரிப்பதில்லை என்பதுதான் விஷயம்.

கேஸ் டர்பைன் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அதில் வாயு எரிகிறது. 1,000 டிகிரிக்கு மேல் சூடேறிய புகை இறக்கைகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. வெளியேறும்போதும் அதில் 500 டிகிரிக்கு மேல் சூடு மிச்சமிருக்கும். எரித்த வாயுவின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அதை மறித்து, குழாய்கள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டிக்குள், அதாவது பாய்லருக்குள், திருப்பினால் குழாயில் ஓடும் தண்ணீர் ஆவியாகி இன்னொரு டர்பைனைச் சுழற்றுகிறது. பாட்டி வீட்டுக் கொடியடுப்பு ஞாபகம் வருகிறதா? சோற்றுப் பானைக்கு எரிக்கிற விறகிலேயே பக்கத்துக் குழியில் வெந்நீர் காயுமே, அதே கணக்குதான். கம்பைன்டு சைக்கிள் என்று இதற்குப் பெயர்.

டர்பைனுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே, கனத்த இரும்புக் கதவு ஒன்று வைப்பதுண்டு. டேம்பர் என்பார்கள். ஒரு பக்கம் சாய்த்தால் புகை பாய்லருக்குள் போகும், மறுபக்கம் சாய்த்தால் நேரே பைபாஸ் புகைபோக்கிக்கு. நீராவிப் பக்கம் ரிப்பேர் என்றாலும் வாயுப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். கேஸ் டர்பைன் சில நிமிடங்களில் எழுந்துவிடும்; பாய்லர் சூடேற மணிக்கணக்காகும். இரண்டு சுபாவக்காரர்களை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கிற கதவு அது.

37 மெகாவாட் என்பது ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.88 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் 2.66 லட்சத்துக்கு அது போதும். நீராவிப் பக்கத்தைப் பிறகும் சேர்க்கலாம். மும்பைக்கு எதிர்க்கரையில் உரண் மின் நிலையத்தில் 1980களில் கேஸ் டர்பைன்களை மட்டும் ஓட்டிவிட்டு, 1990களில் 120 மெகாவாட் நீராவி டர்பைன்கள் இரண்டைப் பின்னால் சேர்த்தார்கள். நம் ஊரில் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. கோவில்களப்பாலில் (107.88 மெகாவாட்) 2001இலேயே இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. ராமநாதபுரம் வழுதூரிலும் அப்படியே. சென்னை பேசின் பிரிட்ஜ் விதிவிலக்கு. 1996இல் வந்த அந்த நான்கு 30 மெகாவாட் இயந்திரங்களுக்கு நீராவி வால் கிடையாது. அவசரத்துக்கு எழுப்பும் நிலையத்துக்கு அது தேவையும் இல்லை.

சரி, இவ்வளவு சிக்கனமான இயந்திரம் இருந்தும் நாடு முழுக்க வாயு நிலையங்கள் ஏன் பெரும்பாலும் தூங்குகின்றன? விலையைப் பாருங்கள். எரிவாயுவை எம்எம்பிடியு என்ற அளவில் விற்கிறார்கள். ஒரு எம்எம்பிடியுவில் அடங்கிய வெப்பம் 293 யூனிட்டுக்குச் சமம். கேஸ் டர்பைன் மட்டும் இருந்தால் சுமார் 98 யூனிட் கிடைக்கும். நீராவியும் சேர்ந்தால் 146. உள்நாட்டுப் பழைய கிணற்று வாயுவுக்கு 2023இல் மத்திய அரசு 6.5 டாலர் உச்சவரம்பு வைத்தது. டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 3.78 ரூபாய். கப்பலில் வரும் திரவ வாயு 12 டாலர் என்றால் 7 ரூபாய். உக்ரைன் போர் நடந்த 2022இல் அது ஆசியச் சந்தையில் 50 டாலரைத் தாண்டியது. சூரிய மின்சாரமோ இரண்டரை ரூபாய்ச் சுற்றுவட்டாரத்தில் டெண்டர் போகிறது. பாய்லர் எவ்வளவு உழைத்தாலும் இந்த இடைவெளியை அடைக்காது.

இலங்கைக்காரர்கள் இந்த எரிபொருள் சிக்கலை வேறு விதத்தில் அனுபவித்தார்கள். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் யுகதனவி நிலையம் 2008இல் கேஸ் டர்பைனோடு தொடங்கி, 2010இல் நீராவியும் சேர்ந்து 300 மெகாவாட் ஆனது. இயற்கை வாயு வரும் என்ற நம்பிக்கையோடு கட்டியது. ஆண்டுக்கணக்கில் உலை எண்ணெயில்தான் ஓடியது. வாயு கொண்டுவரும் ஒப்பந்தம் 2021இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு போட்டபோது, அமைச்சர்கள் சிலரே அதை எதிர்த்துக் கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

நம் டெல்டாவில் வாயு காலடியிலேயே இருக்கிறது. தகராறும் அங்கேதான். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி குழாய் கசிந்து, எதிர்த்தவர்கள் கைதாகி, ஊர் பல மாதம் போராடியது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குக் கதவடைத்தது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை. அந்த வாயுவை வெறுமனே எரித்துத் தீர்ப்பதைவிட இரண்டு முறை வேலை வாங்குவதே சரி என்பது என் கட்சி. ஆனால் இயந்திரம் சிக்கனமானது என்பதையே காரணமாகக் காட்டிப் புதுக் கிணறு தோண்டக் கேட்டால் ஒப்ப மாட்டேன்.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு கையெழுத்திட்ட எண்ணெய், எரிவாயு ஏலப் பகுதிகளில் ஒன்று, மரக்காணத்திலிருந்து தெற்கே விரியும் 1,794 சதுர கிலோமீட்டர், எடுத்தது வேதாந்தா நிறுவனம். எதிர்ப்பாக 2019 ஜூன் 23 அன்று மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலிக்கு அழைப்பு போனது. 2020 சட்டத்தின் பட்டியலில் தஞ்சை, திருவாரூர், நாகை, கடலூர், புதுக்கோட்டைப் பகுதிகள் உண்டு. விழுப்புரம் இல்லை. திண்டிவனம், மரக்காணம் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படித்துவைக்கலாம்.

(அடுத்த வாரம்: வழுதூர்)